மூன்று விநாடிக்கு வவுச்சர் எங்கே?

காரைக்கால்காரன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மூன்று கேள்விகள் கேட்பார். முதலாவது, "அங்கே பாட்டில் விலை கம்மியாமே?" இரண்டாவது, "உங்க வீட்டிலே யாராவது பிரான்ஸ்ல இருக்காங்களா?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது கேள்வி வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார். "திருநள்ளாறுக்கு மேலே வந்தா சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்ட் நின்னுடுதாமே? நாசாவே ஆடிப் போயிட்டானாமே?"

கேட்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. எஞ்சினீயர் கேட்டிருக்கிறார், வங்கி மேனேஜர் கேட்டிருக்கிறார். புது போன் வாங்கினால் அதன் கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பேட்டரி எத்தனை மில்லிஆம்பியர் என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கிற ஆசாமிகள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் குடைச்சலும் கிடையாது.

செய்தி தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரு முறை சுருக்கமாக. சில வருடங்களுக்கு முன் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று பூமியின் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மூன்று விநாடி ஸ்தம்பித்து, பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிப் போகிறது. நாசா அதிர்ந்துபோய் ஆராய்கிறது. இடம், காரைக்கால் மாவட்டம் திருநள்ளாறு. காரணம், சனி கிரகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கருநீலக் கதிர்கள் கோயில் மேல் ஒவ்வொரு விநாடியும் விழுகின்றன. சனிப்பெயர்ச்சி சமயத்தில் நாற்பத்தைந்து நாள் கதிரின் அடர்த்தி கூடுதல். விஞ்ஞானிகள் நேரில் வந்து பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். சுபம்.

இது முதலில் மின்னஞ்சலில் சுற்றியது, பிறகு முகநூலில், பிறகு வாட்ஸ்அப்பில். அச்சிலும் ஏறியது. தமிழில் இந்தக் காலகட்டத்தில் அதிகம் பேர் படித்த அறிவியல் எழுத்து எது என்று கணக்கெடுத்தால் இதற்குத்தான் முதல் பரிசு கிடைக்கும் என்பது என் சந்தேகம். அவ்வளவு பேர் படித்த ஒரு எழுத்துக்கு இன்னும் யாரும் விமரிசனம் எழுதவில்லை என்றால் அது அநியாயம். சினிமாவுக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். இந்தப் பத்து வரி என்ன பாவம் செய்தது?

நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் என் பாடம் இல்லை. ஆனால் கணக்கு வகுப்பில் முதல் வாரமே ஒன்று சொல்லித் தந்தார்கள்: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே. பணம் யாருக்குப் போனது, என்றைக்கு, எதற்காக, கையெழுத்து யாருடையது. இந்த நாலும் இல்லையென்றால் அந்தத் தொகை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போய் உட்கார வேண்டியதுதான். ஆடிட்டர் வந்து மீசையை முறுக்குவார்.

திருநள்ளாறு செய்தியை அந்த ஆடிட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்தச் செயற்கைக்கோள்? பெயர் இல்லை. இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் வேலை செய்துகொண்டு மேலே சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் உண்டு. இதில் ஸ்தம்பித்த பேர்வழி எது? என்றைக்கு? 'சில வருடங்களுக்கு முன்.' நான் முதல் தடவை கேட்டபோதும் சில வருடங்களுக்கு முன்தான், இன்றைக்கும் சில வருடங்களுக்கு முன்தான். காலமே நகராத செய்தி. அதிர்ச்சியடைந்த விஞ்ஞானியின் பெயர்? இல்லை. எங்கே எழுதினார்? இல்லை. கருநீலக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்றால் அது கருநீலம் என்று பார்த்துச் சொன்னவர் யார்? அவருக்கும் பெயர் இல்லை.

வவுச்சரை விடுங்கள். 'ஸ்தம்பித்தது' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். ஓடுவது நின்றதா, வேலை செய்வது நின்றதா? எழுதினவர் வேண்டுமென்றே சொல்லவில்லையா, அவருக்கே தெரியவில்லையா என்பது தெரியாது. நாம் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஓட்டம் நின்றது என்றால்: நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒரு செயற்கைக்கோளின் வேகம் மணிக்குச் சுமார் 27,500 கிலோமீட்டர். அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் விழுவதற்குள் பூமி வளைந்து விலகிவிடுகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றும் பையன் கையை நிறுத்தினால் கல் என்ன ஆகும்? செயற்கைக்கோளை நிறுத்தினால் மூன்று விநாடியில் நாற்பது மீட்டர் கீழே வந்திருக்கும். பரவாயில்லை, கொஞ்சம்தான். ஆனால் போன வேகம் தானாகத் திரும்பி வராது. அதற்கு இன்னொரு ராக்கெட் வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் தரைக்கு வந்துவிடும், அதுவும் நேர் கீழே. நேர் கீழே என்ன இருக்கிறது? கோயில். இத்தனை வருடத்தில் திருநள்ளாறு சன்னதித் தெருவில் ஒரு நட்டு, போல்ட்டாவது விழுந்ததாகத் தகவல் இல்லை.

வேலைதான் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை என்றால்: மூன்று விநாடியில் அது இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்த இருபது கிலோமீட்டருக்குப் படம் இருக்கக் கூடாது. உங்கள் போனில் இருக்கும் வரைபடத்தைத் திறந்து சாட்டிலைட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தித் திருநள்ளாறைத் தேடுங்கள். கோபுரம் தெரிகிறது. நளன் தீர்த்தம் சதுரமாக, தண்ணீரோடு தெரிகிறது. தெருக்கள், கூரைகள் எல்லாம் தெரிகின்றன. மேலேயிருந்து எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே எதுவும் வேலை செய்யாது என்று ஃபார்வர்ட் பண்ணுகிறோம்.

இன்னொரு சாட்சி, எங்கள் ஊர் விசைப்படகுகள். காரைக்கால் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிற படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடுவே தூரம் ஒன்றும் பெரிதில்லை, காரைக்கால் நகரத்திலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர்தான். ஜி.பி.எஸ். என்பது கடிகார வித்தை. நாலைந்து செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி இத்தனை' என்று கூவுகின்றன. அந்தக் குரல்கள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் முந்நூறு மீட்டர் தள்ளிப் போகும். மூன்று விநாடி பிசகினால்? ஒன்பது லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சமும் இருக்கும். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கே எங்கள் ஊர் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் அடிபடுகிறார்கள். 2025 ஜனவரி கடைசியில் துப்பாக்கிச் சூடே நடந்து காரைக்கால் படகில் இருந்தவர்கள் காயம்பட்டார்கள். அவர்களிடம் போய் சாட்டிலைட் நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

நிற்கிற செயற்கைக்கோள் ஒன்று உண்மையிலேயே உண்டு. நின்றால்தான் அதற்குச் சம்பளம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது நிற்கும் இடம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. திருநள்ளாறு அதிலிருந்து கிட்டத்தட்ட பதினோரு டிகிரி வடக்கே. எந்தக் காலத்திலும் அது கோயிலுக்கு நேர் மேலே வராது. இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இப்படி நிற்கிற ஜாதியில் இந்தியாவின் முதல் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளான 'ஆப்பிள்' 1981 ஜூன் 19 அன்று விண்ணுக்குப் போனது பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்ட ஜனங்களில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்ததும் அந்தக் கயானாவுக்குத்தான். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவர்கள் இன்னும் அதிகம். காரைக்காலுக்கும் விண்வெளிக்கும் தொடர்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை ஃபார்வர்ட் பண்ணலாம். இதற்கு வவுச்சர் இருக்கிறது. கப்பல்களின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது.

கதிருக்கு வருவோம். சனி கிரகம் நமக்கு 120 கோடி கிலோமீட்டரிலிருந்து 165 கோடி கிலோமீட்டர் வரை தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. பூமி சுழல்கிறதே! நாள்தோறும் ஏறக்குறைய பாதி நேரம் சனி தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. அந்த நேரத்தில் திருநள்ளாறின் முதுகுதான் சனிக்குத் தெரியும். 'ஒவ்வொரு விநாடியும்' கதிர் விழ வேண்டுமென்றால் அது பெருவையும் பசிபிக்கையும் துளைத்துக்கொண்டு பூமியின் வயிற்றுக்குள் புகுந்து, கோயில் தரை வழியாக வெளியே வர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பந்தும் டார்ச்சும் கொடுத்தால் இதைக் கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு தூரத்திலிருந்து வரும் கதிர் ஒரு செயற்கைக்கோளை நிறுத்துகிறது என்றால், சனிக்குப் பக்கத்திலேயே போனால் என்ன கதி? அப்படிப் போன ஒன்று இருக்கிறது. காஸினி. 1997-ல் கிளம்பி 2004-ல் சனியை அடைந்தது. பதின்மூன்று வருடம் அதையே சுற்றியது, 294 சுற்று. வளையங்களுக்கு உள்ளே புகுந்து வந்தது. எரிபொருள் தீர்கிற கட்டத்தில் 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் காற்றுமண்டலத்துக்குள்ளேயே தள்ளி முடித்தார்கள், கடைசி நிமிஷம் வரை தகவல் அனுப்பிக்கொண்டே போனது. நாசாவை உண்மையாகவே வியக்க வைத்த விஷயமும் அதில் உண்டு. என்சலாடஸ் என்று சனியின் ஒரு சின்ன நிலா. பனிக்கட்டி உருண்டை என்று நினைத்திருந்தார்கள். அதன் தென்துருவ வெடிப்புகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிப்பதை 2005-ல் காஸினி கண்டுபிடித்தது. பனிக்கு அடியில் கடல்! இதை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

சரி, விஞ்ஞானம் பொய். கதையாகவாவது தேறுமா? நல்ல பொய்க்கு நான் எதிரி இல்லை.

திருநள்ளாறுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. நளன். அவனுக்கு ஒரு நாடு, தமயந்தி என்று ஒரு மனைவி, சூதாட்டம் என்று ஒரு பலவீனம். நாட்டை இழக்கிறான், மனைவியைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான், உருவம் மாறித் தேரோட்டியாகிறான், சமையல்காரனாகிறான். கடைசியில் இங்கே வந்து தீர்த்தமாடிச் சனியின் பிடியிலிருந்து விடுபடுகிறான் என்கிறது தலபுராணம். கஷ்டத்தில் இருக்கிற எவனும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். வியாபாரம் நொடித்தவனுக்கு அந்த நளன் ஆறுதல். நாசா கதையில் யார் கஷ்டப்படுகிறார்கள்? யார் மாறுகிறார்கள்? ஒரு இயந்திரம் நிற்கிறது, பெயரில்லாத நாலு வெள்ளைக்காரர்கள் கும்பிடுகிறார்கள். பழைய கதையில் மனுஷன் இருக்கிறான். புதுக்கதையில் சர்டிபிகேட்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. திருஞானசம்பந்தர் மதுரையில் சமணர்களோடு அனல்வாதம் செய்தபோது நெருப்பில் இட்டது திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு. அது கருகாமல் பச்சையாகவே இருந்ததால் 'பச்சைப் பதிகம்' என்று பெயர் வந்தது. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் கவனிப்பது கதை கட்டப்பட்ட விதத்தை. எந்த ஊர், எந்த ராஜா, எந்த ஏடு, எதிர்த்தரப்பு யார், எல்லாம் இருக்கிறது. ஒரே நெருப்பில் இரண்டு தரப்பு ஏடும் போடப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் இதற்கு கன்ட்ரோல் என்று பெயர். சபையோர் முன்னால் பார்த்துத் தீர்ப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பக்திக் கதை, தன்னை நிரூபிக்க வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெடுகிறது. வாட்ஸ்அப் கதை அந்த மரியாதையைக்கூட நமக்குத் தரவில்லை. 'நாசா' என்ற இரண்டு எழுத்தைப் போட்டால் போதும், இவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறது. சரியாகத்தான் நினைத்திருக்கிறது.

அந்த இரண்டு எழுத்து தமிழில் செய்கிற வேலையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். மஞ்சளா, வேப்பிலையா, தோப்புக்கரணமா, எல்லாவற்றுக்கும் கடைசி வரியில் நாசா வியக்க வேண்டும். பாட்டி சொன்னால் போதாது, பாட்டியைப் பார்த்து அமெரிக்காக்காரன் மூக்கில் விரல் வைக்க வேண்டும். நம் பெருமைக்கு அயலூர் முத்திரை கேட்கிறோம். பிரெஞ்சுக்காரன் இங்கிருந்து 1954 நவம்பர் 1 அன்று மூட்டை கட்டிவிட்டான். முத்திரை ஆசை மட்டும் போகவில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியும். பக்கத்தின் கீழே இரண்டு அங்குலம் காலி. லே-அவுட்காரர் கத்துகிறார். கையில் கிடைக்கிற துணுக்கு உள்ளே போகிறது. துணுக்குக்கு எப்போதும் 'ஆச்சரியம்!' உண்டு, 'எப்படி?' கிடையாது. இடம் இல்லை என்பார்கள். ஆனால் இதே தமிழ்ப் பத்திரிகையில்தான் பெ.நா. அப்புஸ்வாமி அறுபது வருஷத்துக்கு மேல் அறிவியல் எழுதினார். தொழிலால் வக்கீல். சாட்சி கேட்டுப் பழகினவர் என்பது அவருடைய தமிழிலேயே தெரியும். ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்து அழைத்துப் போவார், தாண்டிக் குதிக்கவே மாட்டார். அதனாலேயே சில சமயம் தூக்கம் வரும், அது வேறு விஷயம். பிறகு சுஜாதா வந்தார். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்று வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். தலைப்பைக் கவனியுங்கள், அதில் 'ஆச்சரியம்' கிடையாது, மூன்றும் கேள்வி. அவருக்குப் பிறகு வந்தவர்களில் பலர் அவருடைய கிண்டலையும் துள்ளலையும் எடுத்துக்கொண்டார்கள். 'எப்படி'யை அங்கேயே விட்டுவிட்டார்கள். அது கொஞ்சம் வேலை வாங்கும் சரக்கு. இன்றைக்குத் தமிழில் புது போன் விமரிசனம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: பெட்டியைப் பிரிப்பதற்கு ஐந்து நிமிஷம், 'வேற லெவல்' என்று சொல்வதற்கு மூன்று நிமிஷம். உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நேரம் மிச்சமிருப்பதில்லை.

இதையெல்லாம் காரைக்கால் பேருந்து நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "தம்பி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நாலு பேரு நம்பி நம்ம ஊருக்கு வர்றான். ஓட்டல்காரன் பிழைக்கிறான், ஆட்டோக்காரன் பிழைக்கிறான், எள்ளு விக்கிற கிழவி பிழைக்குது. யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்வி. கோயிலுக்கு வருகிறவர் நாசா சொல்லி வருவதில்லை, ஏழரைச் சனி சொல்லி வருகிறார் என்று சொன்னேன். சிரித்தார். ஆனால் நஷ்டம் உண்டு. அது வேறு கணக்குப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் சுமத்ரா பக்கத்தில் பூமி பிளந்தது. கால் மணி நேரத்தில் ஹவாயில் இருந்த எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் தெரிந்துவிட்டது. அலை எங்கள் கரைக்கு வந்தது சுமார் ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி கடற்கரையிலிருந்து ஒரு குழந்தை நடந்தே தப்பிக்கிற நேரம். சொல்ல ஆளும் இல்லை, வழியும் இல்லை. காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள்.

நாலாம் நாள், டிசம்பர் 30. இன்னொரு சுனாமி வரலாம் என்று தில்லியிலிருந்து எச்சரிக்கை. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன ஆரூடத்தை உள்துறை அமைச்சகம் அப்படியே எடுத்து மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டது. கடற்கரை முழுக்க ஜனம் ஓடியது. பிணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடலை விட்டு ஓடினார்கள், நிவாரணத்துக்கு வந்த வண்டிகள் திரும்பி ஓடின. அதே நாளில் அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல், இதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று மறுத்தார். நிலநடுக்கம் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்கிற வித்தை உலகத்தில் இன்றுவரை யாரிடமும் கிடையாது. அன்றைக்கு அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காக்காரன் சொல்லியிருக்கிறான், அது போதும்.

வவுச்சர் உள்ள செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்து சேரவில்லை. வவுச்சர் இல்லாத செய்தி வியாழக்கிழமை வந்து ஊரையே துரத்தியது. பெரியவர் கேட்ட நஷ்டம் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் வேறு மாதிரி நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையம் ஒன்றை நடத்தி வந்தது. அலை உயரம், மீன் விலை, அரசு அறிவிப்பு எல்லாம் அதன் ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலையில் இருந்த ஊர்ப் பையன் டி.வி.யில் சுனாமி செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் பண்ணினார். அந்த மையத்தோடு முன்பே பழக்கம் உள்ளவர். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டிலிருந்து தகவல் போனதும், ஒலிபெருக்கியில் சொல்லி ஊரைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். ஒரு டெலிபோன், ஒரு கோன் ஸ்பீக்கர். எந்த கேட்ஜட் கண்காட்சியிலும் இதற்கு ஸ்டால் கிடையாது. ஆனால் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரியும், அந்த ஸ்பீக்கர் தினமும் உண்மையே பேசி நல்ல பெயர் வாங்கியிருந்தது.

அதன் பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியாவின் சொந்தச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் வந்தது. கோபுரத்தின் மேலே ஒரு பெரிய வெள்ளை உருண்டை. உருண்டை வெறும் உறை, உள்ளேதான் தட்டு சுழல்கிறது. அது அலையை அனுப்பும், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சுருதி ஏறும், தாண்டிப் போனதும் இறங்கும் அல்லவா? அதே கணக்குதான். திரும்பி வந்த அலையின் சுருதி மாற்றத்தை வைத்து மேகத்துக்குள் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கண்டுபிடிக்கும். கஜா புயலைக் கண்காணித்ததில் இந்த ரேடாருக்குப் பங்கு உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னையை யாரும் காப்பாற்ற முடியவில்லை. வருகிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, முகாம்களுக்குப் போக நேரம் இருந்தது.

இத்தனைக்கும் 2017-ல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கரையில் எச்சரிக்கை இருந்தது, நடுக்கடலில் செல்போன் சிக்னல் இல்லை. அதற்குப் பிறகு 2019-ல் 'ஜெமினி' என்று ஒரு சின்னக் கருவியை அறிமுகம் செய்தார்கள். செயற்கைக்கோளிலிருந்தே புயல் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் போனுக்குக் கொடுக்கும். திருநள்ளாறுக்கு மேலேயுள்ள வானத்தில் நடக்கிற நிஜமான அதிசயம் இது. அந்தக் கருவி எத்தனை படகில் இருக்கிறது, விலை கட்டுப்படியாகிறதா, பேட்டரி எத்தனை நேரம் தாங்குகிறது என்று டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. படகுக்காரர்களிடம் கேட்டால் பேசுவார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

சனிப்பெயர்ச்சி நாற்பத்தைந்து நாள் பாக்கி இருக்கிறது. சனி சூரியனை ஒரு முறை சுற்ற இருபத்தொன்பதரை வருஷம். ராசி பன்னிரண்டு. வகுத்தால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணால், தலைமுறை தலைமுறையாகப் பார்த்து இதை எழுதி வைத்தவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். ஆனால் பெயர்ச்சி என்றைக்கு? பழைய சூத்திரங்களின்படி போடுவது வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தில் கிரகம் இருக்கிற நிலையோடு ஒப்பிட்டுத் திருத்திப் போடுவது திருக்கணிதம். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாறில் லட்சக்கணக்கானவர் கூடிக் கொண்டாடியது, 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். கருநீலக் கதிர் எந்தப் பஞ்சாங்கம் பார்த்து அடர்த்தி கூடியது?

2025 மார்ச்சிலும் இதே கூத்து நடந்தது. மார்ச் 29 சனிப்பெயர்ச்சி என்று டி.வி., போன், யூடியூப் எல்லாம் ஒரே அல்லோலகல்லோலம். பஸ் டிக்கெட் விசாரித்து எனக்கே போன் வந்தது. அப்போது திருநள்ளாறு கோயில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எங்கள் கோயிலில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026-ல்தான், இந்த மார்ச்சில் இங்கே சனிப்பெயர்ச்சி விழா இல்லை என்றது. யார் சொல்வது, எந்தக் கணக்கின்படி, எந்த வருஷம், எல்லாம் அதில் இருந்தது. அந்தச் சனியைப் பற்றி அந்த மாதம் என் போனுக்கு வந்தவற்றில் வவுச்சரோடு வந்தது அது ஒன்றுதான்.